மீன் மணத்த மலைப் பூட்ஸ்

நாகர்கோவில் வடசேரியில் நான் வேலை பார்த்த செருப்புக் கடையில் இப்போது ஒரு மிஷின் வந்திருக்கிறது. கண்ணாடிப் பலகைமேல் ஏறி நின்றால் போதும். பாதத்தின் நீளம், அகலம், வளைவு எல்லாம் ஒரு திரையில் கலர் கலராக வந்து நிற்கும். கடையை இப்போது பார்த்துக்கொள்வது முதலாளியின் மருமகள் உமா. போன மாதம் எனக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணே, மிஷின் அளவைச் சரியாத்தான் சொல்லுது. ஆனா மலையேறதுக்குப் பூட்ஸ் மாத்த வாறவங்க மட்டும் வாங்கிட்டுப் போயி, திரும்பி வந்து சண்டை போடுதாங்க. நீங்க இருக்கும்போ யாரும் வந்ததில்லையே. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

வராமல் என்ன? வந்தார்கள், சண்டையும் போட்டார்கள். அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும் என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதும் பாவம் அவளுக்குத் தெரியாது.

மிஷின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது எனக்கு முன்னாலேயே வந்திருந்தால் என் இடுப்பு தப்பித்திருக்கும். வேலை பார்த்த காலம் முழுக்கக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் காலை மடியில் வைத்துக்கொண்டவன் நான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று கடற்கரை மாதா கோவில்களில் சாமியார் ஊர்க்காரர் சில பேரின் காலைக் கழுவிவிடுவார், ஊரே கண் கலங்கிப் பார்க்கும். நான் அதைத் தினமும் செய்தேன். ஒருத்தராவது கண் கலங்க வேண்டுமே! "வேற கலர் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

என் படிப்பு பெரிய படிப்பு இல்லை. முதலில் மாடிக் குடோனிலிருந்து பெட்டி இறக்கினேன். பிறகு பூட்ஸுக்குக் கயிறு கோக்க விட்டார்கள். அதற்கும் பிறகு ஸ்டூல் கிடைத்தது. மற்றது எல்லாம் தாணு அண்ணாச்சியிடம் வசவு வாங்கிக் கற்றது.

தாணு அண்ணாச்சிதான் முதலாளி. சுசீந்திரத்துக்காரர். செருப்புக் கடை வைத்திருந்தவர் கடைக்குள் செருப்புப் போடமாட்டார். வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார். வெளியூர்க்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தால், "சோறு போடுத எடம்லாவே" என்பார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். கடைக்குள் யார் நுழைந்தாலும் கண் நேரே தரைக்குப் போகும். ஒரு முறை தேரோட்டத்துக்குப் போனபோது கூட்டத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, என்னைத் தெரியல்லியா?" என்று கேட்டார். அண்ணாச்சி முழித்தார். பிறகு குனிந்து பார்த்தார். "அடடே, நீரா! பெருவெரல் இப்பம் எப்படி இருக்கு?" என்றார். நான் கூடவே இருந்தேன், பொய் இல்லை.

யாரிடமும் அவர் அளவு கேட்டது கிடையாது. "அளவு கேட்டா எல்லாவனும் கலியாணத்தன்னைக்குப் போட்ட அளவைத்தான் சொல்லுவான். காலு அதுக்குப் பொறவும் வளந்திருக்கும், பரந்திருக்கும், அவனுக்குத் தெரியாது" என்பார். மலை பூட்ஸ் மாற்ற யாராவது வந்தால் முதல் கேள்வி இதுதான்: "பழசு எங்க?"

பழசு இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பழைய பூட்ஸைக் கையில் வாங்கி, குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் வெடித்திருக்கிறதா, கயிறு எங்கே அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது என்று பார்ப்பார். உள்ளே இருக்கும் மெத்தையை உருவி வெளிச்சத்தில் பிடிப்பார். அதில் விரல்கள் அழுந்திப் பதிந்த குழி இருக்கும். "ஆளு சொல்லாதத இது சொல்லும்" என்று என்னிடம் தருவார். நானும் பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டுவேன்.

அடுத்தது, காலையில் பூட்ஸ் விற்கமாட்டார். சாயங்காலம் வரச் சொல்வார். நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது பொருந்துவதுதான் மலையிலும் பொருந்தும். மலைக்கு எந்தக் கனமான சாக்ஸ் போடுவார்களோ அதையே போட்டுக்கொண்டு வர வேண்டும். அளவை நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு காலுக்கும். எந்தக் கால் பெரிதோ அதற்குத்தான் பூட்ஸ். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இறங்க வேண்டும். என் விரலைத்தான் விடுவேன். அந்த விரலுக்கு வீட்டில் தனி மரியாதை, சோறு பிசையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் என் பெண்டாட்டி என்னைத் தட்டு முன்னால் உட்கார விடமாட்டாள்.

பூட்ஸையும் சும்மா விடமாட்டார். அடியை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்குவார். லேசாக முறுகினால் மலைக்கு ஆகாது. மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் தள்ளிவைப்பார். அடி சும்மா ஒட்டியதா, சுற்றித் தைத்ததா என்று நகத்தை விட்டுப் பார்ப்பார். கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லும் அட்டைப்பூச்சியும் உள்ளே குடிவந்துவிடும்.

இவ்வளவும் ஆன பிறகு, "படி" என்பார்.

படி என்றால் எங்கள் குடோன் படிக்கட்டு. செங்குத்தான படி, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதில் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது. இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. பாஸானால் அடுத்தது கடையிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துவிட்டுத் திரும்பி வருவது. பூட்ஸோடு பஸ் ஏறிவிடக் கூடாதே என்று பின்னாலேயே நானும் நடப்பேன்.

ஒரு பேங்க் ஆபீசர் அகஸ்தியர் மலைக்குப் போகப் பூட்ஸ் வாங்க வந்தார். காலையில் வந்தார், மெல்லிய சாக்ஸ் போட்டிருந்தார், படி ஏறமாட்டேன் என்றார். "நான் என்ன குடோன்லயா வேலை பாக்கப் போறேன்?" என்று கேட்டார். அண்ணாச்சி இல்லாத நேரம், ஆபீசர் பிடித்த பிடியில் நான் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மலையிலிருந்து திரும்பியவர் கடைக்கு வெறும் ரப்பர் செருப்பில் வந்தார். இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழக் கலரில் இருந்தன. அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலிடமே பேசினார். "எறக்கத்துல இடிச்சிச்சோ?"

"ஆமா அண்ணாச்சி."

"குடோன் படி எறங்கியிருந்தா இங்கனயே இடிச்சிருக்கும். இவ்வளவு தூரம் போயி இடிச்சிருக்க வேண்டாம்."

இப்போது உமாவுக்காக நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆக்னஸ் என்று ஒரு பெண். முட்டத்துக்காரி. வனத்துறையில் காவலராக மலையில் வேலை. ஒரு நாள் சாயங்காலம் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போடும் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா சூசம்மா. வடசேரி சந்தையில் மீன் விற்கிறவள். காலி அலுமினியச் சட்டியைக் கடை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வரச் சொன்னால், "மீனு மணக்கும், ஒங்க கடை நாறிப் போவும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆக்னஸ் பையிலிருந்து பழைய பூட்ஸை எடுத்து வைத்தாள். சுண்டுவிரல் பக்கம் இரண்டும் வெடித்துக் கிடந்தன. "அண்ணாச்சி, இதுக்குப் பதிலா ஒண்ணு வேணும். இதே மாதிரி வேணும், ஆனா இது மாதிரி இருக்கக் கூடாது" என்றாள்.

காலைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்தது. குதிகால் சின்னது. முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்த கால். சின்ன வயதிலிருந்து மணலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த கால் அப்படித்தான் இருக்கும். பெண்களுக்கென்று வருகிற பூட்ஸில் நீளம் சரியாக இருக்கும், முன்னால் நெரிக்கும். ஆண்கள் பூட்ஸில் முன்னால் சரியாக இருக்கும், நீளம் கூடி இறக்கத்தில் கால் வழுக்கும். போன வருஷம் விலங்குக் கணக்கெடுப்புக்கு மேல் முகாம் வரை ஏறியவள், இறங்கும்போது நகம் எல்லாம் செத்துப்போய், பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்திருக்கிறாள். கூட வந்தவர்கள், "என்ன ஆக்னஸ், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையா?" என்று கேலி பண்ணினார்களாம்.

கேலியோடு போனால் பரவாயில்லை. அவள் மேலதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் ஒரு இடம் காலியாகிறது. இந்த வருஷமும் ஏறி இறங்க முடியவில்லை என்றால் அவள் இனி அங்கேதான்.

"செக்போஸ்ட்டுல என்ன கொறச்சல்?" என்று வாசலிலிருந்து சூசம்மா குரல் கொடுத்தாள். "நெழலு இருக்கு. பஸ்சு இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீன்கொழம்பு தின்னலாம். இவளுக்கு மலையில தூங்கணும். ஆனை கெடக்குத எடத்துல! கடல்லயாவது ஆனை கெடையாது."

"அம்மா, நீ சும்ம இரி" என்றாள் ஆக்னஸ். பிறகு என்னைப் பார்த்து, "கடலு எப்பவும் ஒரே மட்டத்துலதான் கெடக்கு அண்ணாச்சி. எனக்கு மேல ஏறிப் பாக்கணும், அதுக்குத்தான் இந்த வேலையில சேந்தேன். செக்போஸ்ட்டுல நின்னு லாரி பேப்பர் பாக்கதுக்கு இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அன்று கடையிலிருந்த பெட்டியெல்லாம் இறக்கினேன். ஒன்றும் சேரவில்லை. கடைசியில் ஆக்னஸ் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அவளுக்கு வேலை கிடைத்தபோது தோஹாவில் இருக்கும் அண்ணன் ஒரு ஜோடி பூட்ஸ் அனுப்பினானாம். பெண்களுக்கான அகலப் பூட்ஸ், பெரிய விலை. அது வீட்டில் ஷோகேஸில் இருக்கிறது. சாவி அம்மாவிடம்.

வெளிநாட்டுச் சாமான் வந்தால் ஷோகேஸில் வைத்துப் பூட்டுவது எங்கள் மாவட்டத்துச் சம்பிரதாயம். அதில் சாதி சமய வித்தியாசம் கிடையாது. என் மச்சினன் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய சென்ட் பாட்டில் ஒன்று என் வீட்டில் இன்னும் சீல் உடையாமல் இருக்கிறது. நல்ல நாள் வரட்டும் என்கிறாள் என் பெண்டாட்டி. பிள்ளைகள் கல்யாணமே முடிந்துவிட்டது, அதைவிட எந்த நல்ல நாள் வரப்போகிறதோ!

"அது நல்லதுக்குன்னு வச்சிருக்கு" என்றாள் சூசம்மா.

"இதைவிட நல்லது என்ன இருக்கு? எடுத்துட்டு வாரும், பாப்போம்" என்றார் தாணு அண்ணாச்சி, அவள் காலைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த லீவு நாளில் அம்மாவும் மகளும் பெட்டியோடு வந்தார்கள். திறந்தால் உள்ளே தாள் சுற்றி, பாச்சா உருண்டை போட்டு, பூட்ஸ் புத்தம் புதுசாக மினுங்கியது. ஆக்னஸ் போட்டுப் பார்த்தாள். குதிகாலில் என் விரல் அளவாக இறங்கியது. முன்னால் விரல்கள் தாராளமாக அசைந்தன. "ஒனக்குன்னே தச்சு வச்ச மாதிரி இருக்கு மக்கா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சூசம்மா மட்டும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இது நம்ம கடைச் சரக்கு இல்லையே" என்றேன். எனக்கு அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்.

"காலு நம்ம கடைக்கு வந்த காலுதானேவே?"

ஆக்னஸ் ஏறினாள். குதிகால் தூக்கவில்லை. திரும்பி இறங்கினாள். பாதி வழியில் அவள் கால் கீழே வந்துவிட்டது, பூட்ஸின் அடி மட்டும் மேல்படியிலேயே நின்றது. சாயாவில் ஊறின பிஸ்கட் மாதிரி அது உதிர்ந்து, படியெல்லாம் கறுப்புத் தூளாகக் கிடந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தாள்.

"எனக்க மவன் அனுப்பின சாதனத்த ஒடச்சுப் போட்டேரே! மாதாவே, ஒரு படியில கேறினதுக்கா இப்படி? என்ன படிய்யா வச்சிருக்கேரு!" என்று சூசம்மா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

அண்ணாச்சி குனிந்து தூளைப் பொறுக்கி விரலில் நசுக்கிக் காட்டினார். "அம்மா, படி ஒடைக்கல்ல. இந்தப் பூட்ஸுக்கு அடியில மெத்துன்னு ஒரு அடுக்கு உண்டு. கெடையில கெடந்தா ஈரக்காத்துல தானே இத்துப் போவும். நம்ம கடல்காத்துக்குக் கேக்கவும் வேண்டாம். போட்டு நடந்துக்கிட்டே இருந்தா இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். பூட்டி வச்சா இதான்."

ஆக்னஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, வேலையில சேந்த அன்னைக்கே கேட்டேன். போன வருசமும் கேட்டேன். காலு செத்துப் போயி வந்து கெடந்தேனே, அப்பமாவது எடுத்துத் தந்தியா?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

சூசம்மாவின் சத்தமும் வெப்ராளமும் அடங்கிவிட்டன. "வேணும்னுதான் பூட்டினேன்" என்றாள். "பூட்ஸு இல்லன்னா நீ மேல கேற மாட்டே, கீழ இருப்பேன்னு நெனச்சேன். ஒனக்க அப்பன் கடலுக்குப் போயி வருத வரைக்கும் வயித்துல தீய கெட்டிக்கிட்டு கெடந்தவ நான். அந்த மனுசன் இப்பந்தான் கரையில இருந்து டி.வி. பாக்காரு. இனி ஒனக்காகவும் கெடக்க எனக்குத் தெம்பு இல்ல மக்கா."

ஆக்னஸ் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, பழைய வெடித்த பூட்ஸை எங்களிடமே விட்டுவிட்டு, மலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். சூசம்மா தோஹா பூட்ஸின் தூளைக்கூட மிச்சம் வைக்காமல் வழித்துப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்று ரொம்பச் சங்கடமாக இருந்தது.

அதன் பிறகு அண்ணாச்சி போனும் கையுமாக உட்கார்ந்தார். கம்பெனி ஏஜென்ட் ஒருவரையும் பாக்கி விடவில்லை. "அகலம் ஆம்பிளைக்கு, நீளம் பொம்பிளைக்கு, குதிகால் பிள்ளைக்கு. இருக்கா?" என்று கேட்பார். எதிர்ப்பக்கம் சிரித்தால் போனை வைத்துவிடுவார். ஒருவர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார். மலைத்தோட்ட வேலைக்கென்று செய்கிற அகலப் பூட்ஸில் ஆகச் சின்ன அளவு ஒன்று ஜோடியாகக் கிடக்கிறது, யாரும் வாங்குவதில்லை என்று அனுப்பிவைத்தார். அண்ணாச்சி முறுக்கினார், மடக்கினார், நகம் விட்டார். "கொள்ளாம்" என்றார். அந்தப் பாராட்டை அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

இப்போது பூட்ஸ் இருக்கிறது, கால் இல்லை. ஆக்னஸ் மேல் முகாமில். போன் கிடைக்காத இடம். கணக்கெடுப்புக்கு முந்தின நாள்தான் கீழே வருவாள். அன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அப்படியே மலை ஏறினால் எந்தப் புது பூட்ஸும் கடித்துக் குதறிவிடும். "அளவு தெரியும்லா அண்ணாச்சி, குடுத்து விட்டுருவோம்" என்றேன்.

"காலு இல்லாம பூட்ஸ விக்கச் சொல்லுதியா? பேங்க் ஆபீசருக்கு வித்தியே, அது போதும்" என்றார். அதோடு விடாமல் முட்டத்து வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். சூசம்மாதான் எடுத்தாள். பூட்ஸ் வந்திருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "அவ இல்ல" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள். தனியாக வந்தாள். நாள் முழுக்கச் சந்தையில் நின்று விற்றுவிட்டு வந்திருந்தாள். தோஹா பூட்ஸுக்குச் சண்டை பிடிக்கத்தான் வருகிறாள் என்று நான் மெல்ல மாடிப்பக்கம் நகர்ந்தேன். அவள் சட்டியை வாசலில் வைத்துவிட்டு, முதல் தடவையாக உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, என் ஸ்டூல்மேல் காலைத் தூக்கி வைத்தாள்.

"இந்தக் காலத்தான் நான் அவளுக்குக் குடுத்திருக்கேன். அளவு எடும்."

நான் குனிந்து பார்த்தேன். சின்னக் குதிகால், விசிறி மாதிரி விரிந்த முன்பக்கம். அண்ணாச்சி ஆக்னஸ் விட்டுப்போன பழைய பூட்ஸின் மெத்தையை உருவித் தரையில் வைத்தார். "இதுமேல நில்லும்" என்றார். சூசம்மா நின்றாள். மகளின் விரல்கள் பதிந்த குழிகளில் தாயின் விரல்கள் போய் உட்கார்ந்தன. இடது சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது. தாணு அண்ணாச்சி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வாங்க வந்தவர் முகத்தை அவர் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"சாயங்காலமா வந்தேரு, நல்லதாப் போச்சு" என்றார்.

சூசம்மா அதுவரை ஷூ என்று ஒன்றைக் காலில் போட்டதில்லை. கனமான சாக்ஸ் மாட்டி, கயிறு கட்டிவிட்டேன். இடது சுண்டுவிரலை நெரிக்கிறது என்றாள். அந்த இடத்தில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டு அடுத்த ஓட்டையில் கயிற்றைக் கோத்தேன், சரியாகிவிட்டது. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு படி ஏறினாள்.

"குதிகால் தூக்குதா?"

"இல்ல."

"எறங்கும். வெரல் இடிக்குதா?"

"இல்ல. ஆனா இப்படி வெறுங்கையோட எறங்கினா எப்படித் தெரியும்? அவ முதுகுல மூட்டை கெடக்கும்லா?" என்றாள். வாசலுக்குப் போய் அலுமினியச் சட்டியை எடுத்துவந்தாள். "ஏவே ஞானதாசு, பாத்துக்கிட்டு நிக்காம எதையாவது போடும்."

பெட்டி பெட்டியாக எடுத்துச் சட்டியில் அடுக்கினேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஏறி இறங்கினாள். மறுபடியும் ஏறினாள், இறங்கினாள். சட்டி ஆடவில்லை, ஒரு பெட்டிகூட விழவில்லை. அண்ணாச்சி போதும் என்று சொல்லியும் அவள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிய பிறகுதான் நின்றாள். சட்டியை இறக்கிப் பெட்டிகளைக் கொட்டிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த காசை மேசையில் வைத்தாள். "இனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்லா நடக்கணும்?" என்று அவளே சொல்லிக்கொண்டு காலிச் சட்டியோடு கிளம்பினாள்.

வழக்கம்போல் நான் பின்னால் போனேன். பஸ் ஸ்டாண்ட் வந்தது. அவள் திரும்பவில்லை. முட்டம் பஸ் நின்றிருந்தது, நேரே போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் சர்வீஸில் எதற்குப் பயந்து ஒவ்வொருவர் பின்னாலும் நடந்தேனோ அது கடைசியில் நடந்துவிட்டது.

"எம்மா, பூட்ஸு! ஒமக்க செருப்பு கடையில கெடக்கு!" என்று ஜன்னலில் தட்டினேன்.

"தெரியும்வே. புதுசு அப்படியே போட்டா கடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அவ வாறதுக்கு நாளு கெடக்கு. அதுவரைக்கும் நான் போட்டு மயப்படுத்தி வச்சிருதேன்" என்றாள். கண்டக்டர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "என்ன மைனி, மிலிட்டரியில சேந்தாச்சா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு வடசேரி சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் அந்தக் காட்சியைக் கண்டார்கள். சேலைக்குக் கீழே மலை பூட்ஸ், முன்னால் சாளையும் நெத்திலியும். பக்கத்தில் விற்கிறவள், "ஏட்டி சூசம்மா, மீனு விக்க இனி மலைக்கா போற?" என்று கேட்டதற்கு, "ஆமாட்டி, ஆனைக்கு நெத்திலி வேணுமாம்" என்று பதில் வந்ததாக அண்ணாச்சி வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நாள் பூட்ஸோடு கடைக்கும் வந்து, நானில்லாத நேரம் அண்ணாச்சியிடம் என்னவோ பேசிவிட்டுப் போனாளாம். அண்ணாச்சி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கெடுப்பு முடிந்து ஆக்னஸ் நேரே கடைக்குத்தான் வந்தாள். அம்மா மயப்படுத்திக் கொடுத்த பூட்ஸ் முழுக்கச் சேறு. உட்கார்ந்து கழற்றி, சாக்ஸையும் உருவிவிட்டுக் காலை நீட்டினாள். நகம் எல்லாம் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. "போவதுக்கு முன்ன பூசினேன் அண்ணாச்சி. ஒரு நகமும் பெயந்து போவல்ல பாருங்க" என்றாள். செக்போஸ்ட்டுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவளுக்கு மேல் முகாமே நிலைத்தது.

"ஆனா ஒண்ணு, பூட்ஸுல மீனு நாத்தம் தாங்க முடியல்ல. எங்க டென்ட்ட ஒரு காட்டுப்பூனை சுத்திச் சுத்தி வந்துச்சு. அதையும் கணக்குல சேத்தாச்சு" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிறகு குனிந்து பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டே கேட்டாள். "அண்ணாச்சி, அம்மா இதப் போட்டுக்கிட்டு முட்டத்துப் பாறையில ஓடினாளாம். ஊரே சொல்லிச் சிரிக்கி. லைட் ஹவுசு மேட்டுலேருந்து எறங்கி எறங்கி ஓடினாளாம், இந்த வயசுல! எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நடந்து மயப்படுத்தினா போதாதா, எதுக்கு ஓட்டம்?"

தாணு அண்ணாச்சி அவள் காலைப் பார்த்தபடியே சொன்னார். "ஒனக்க அம்மா எனக்கிட்ட வந்து சொன்னா மக்கா. நானும் இதத்தான் கேட்டேன். 'ஆனை வந்தா எனக்க மவ நடக்கவா செய்வா?'ன்னு கேட்டா."

ஆக்னஸ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கயிறு கட்டி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.